பதட்டப்படாம வாங்க

பூட்டைப் பார்த்துவிட்டு ஆள் இல்லை என்று திரும்பிவிடாதீர்கள் அக்கா. இருக்கிறேன். இந்தப் பக்கம், ஜன்னலில் பாருங்கள். மாடி போர்ஷன் பார்க்கத்தானே வந்தீர்கள்? ஓனரம்மா காலையிலேயே சொல்லிவிட்டுப் போனார்கள், ஒருத்தங்க வருவாங்க, கொஞ்ச நேரம் உக்காரச் சொல்லு, சாவியோட வந்துடறேன் என்று. இந்தத் தெருவில் யாருக்கு எந்தத் தகவல் என்றாலும் என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நான் எங்கே போய்விடப் போகிறேன்? கூரியர்க்காரனுக்குக்கூடத் தெரியும்.

படியில் உட்காருங்கள். அந்தப் படி வேண்டாம், அடுத்தது. மேலே சன்ஷேடில் விரிசல் ஓடியிருக்கிறது பாருங்கள். பெயர்ந்து விழுந்தால் நேராக உச்சந்தலைதான். ஒன்றும் ஆகாது, சும்மா சொன்னேன். ஆனாலும் தள்ளி உட்காருங்கள்.

ஆமாம், வெளியே பூட்டித்தான் இருக்கிறது. பூட்டியது என் அம்மா. எனக்கு வயது இருபத்து மூன்று. பெயர் கார்குழலி. எம்.ஏ. சமூகவியல், முதல் வகுப்பு. இந்த நாட்டை யார் ஆளலாம் என்று ஓட்டுப் போட எனக்கு உரிமை இருக்கிறது. தெருமுனைக் கடைக்குப் போய் ஒரு ஷாம்பு பாக்கெட் வாங்க உரிமை இல்லை. நியாயமா, நீங்களே சொல்லுங்கள். வேண்டாம், இப்போது சொல்லாதீர்கள். முழுவதும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். ஒரு தரப்பை மட்டும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னால் எனக்கே பிடிக்காது. காலேஜ் பட்டிமன்றத்தில் நான் எந்த அணியிலும் பேசுவேன். அம்மா தரப்பையும் நானே சொல்கிறேன்.

இன்றைக்கு இது ஏன் முக்கியம் என்றால், மதியம் திருச்சியில் எனக்கு இன்டர்வியூ. பிஎச்.டி. சேர்வதற்கு. பாருங்கள், புடவை கட்டி, பின் குத்தி, பையைக்கூட எடுத்து நாற்காலியில் வைத்துவிட்டேன். பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தால் தாராளமாகப் போய்ச் சேரலாம். இன்றைக்குப் போகாவிட்டால் அவ்வளவுதான். என்னை எடுத்துக்கொள்வதாகச் சொன்ன சார் அடுத்த வருடம் ரிட்டயர் ஆகிறார். அவருக்குப் பிறகு வருகிறவருக்கு என் தலைப்பைக் கேட்டாலே முகம் சுளிக்கும்.

என் தலைப்பா? சாவு. சிரிக்காதீர்கள். செய்கிற தொழிலுக்கும் சாவுபயத்துக்கும் என்ன தொடர்பு என்பது. நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் அக்கா? தையலா. சரி, உங்களுக்குச் சாவு என்றால் பயமா? அதையெல்லாம் நினைக்க நேரமில்லையா. முகூர்த்தத்துக்குள் ரவிக்கை முடியாதோ என்பதுதான் பெரிய பயமா. நல்ல பதில். உங்களை என் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்கிறேன்.

எம்.ஏ.வில் இதையே சின்னதாகச் செய்தேன். சாவுக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவர்களாகத் தேடித் தேடிப் பேசினேன். மின்வாரிய லைன்மேன் ஒருவர். கம்பத்தில் ஏறினால் அவருக்கு ஒரு பயமும் இல்லை, வீட்டில் பல்லி கத்தினால் அன்றைக்கு வேலைக்கே போகமாட்டார். பிணம் வைக்கிற ஐஸ்பெட்டி வாடகைக்கு விடுகிறவர் ஒருவர், வடிவேல்முருகன் என்று பெயர். உங்களுக்குப் பயம் உண்டா என்று கேட்டேன். பெட்டி சும்மா கிடக்கிற வாரம்தான் பயம்மா, என்றார். சாருடைய கோட்பாடு என்னவென்றால், கை பழகப் பழகப் பயம் மழுங்கும். தினமும் பார்க்கிறவனுக்குச் சாவு ஒரு வேலை. எப்போதாவது பார்க்கிற நம் மாதிரி ஆட்களுக்குத்தான் அது பூதம். நானும் அதையே எழுதினேன். கடைசி அத்தியாயம் முழுக்க என் அம்மா.

அம்மா ஆம்புலன்ஸில் வேலை பார்க்கிறாள். டிரைவர் இல்லை. பின்னால் ஆள் பக்கத்தில் உட்கார்ந்து ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்துக்கொண்டு வருவார்களே, அந்த வேலை. பெயர் மலர்க்கொடி. அப்பா குவைத்தில் இருக்கிறார், வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இந்தப் பைபாஸில் எந்த வண்டி எங்கே கவிழ்ந்தாலும் அம்மாவுக்குத்தான் முதல் அழைப்பு. வீட்டுக்கு வந்ததும் யூனிஃபாரத்தைத் தனி வாளியில் டெட்டால் போட்டு ஊறவைப்பாள். தலைக்குக் குளிப்பாள். தயிர்ச்சோற்றில் மாங்காய் ஊறுகாயை வைத்துக்கொண்டு டி.வி.யில் காமெடி பார்த்துச் சிரிப்பாள். அப்படிச் சிரிப்பாள், பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? பயம் இருக்கிற பொம்பளை அப்படிச் சிரிப்பாளா? அதைத்தான் எழுதினேன். சார் பக்கத்தில் ஒரு டிக் போட்டார்.

அந்த மாடிப்படிக் கைப்பிடியைப் பிடிக்காதீர்கள். மேலே ஒயர் போகிறது, கம்பியில் உரசுகிறதோ என்று எனக்குச் சந்தேகம். மழை பெய்தால் சுவர் பக்கமாகவே ஏறுங்கள். இது பயம் இல்லை அக்கா, பொது அறிவு.

சரி, அம்மா தரப்பு. அம்மாவுக்கு வேலையில் ஒரு பழக்கம் உண்டு. அதைச் சொன்னால்தான் மற்றது புரியும். ரோட்டில் அடிபட்டவனின் போன் பக்கத்தில் எங்கேயாவது கிடக்கும். அடித்துக்கொண்டே இருக்குமாம். திரையில் அம்மா என்று வரும், வீடு என்று வரும், தங்கச்சி என்று வரும். அம்மாதான் எடுப்பாள். ஆளுக்கு உயிர் இருந்தால் விவரமாகச் சொல்லுவாள்: இடது கால் முறிவு, நினைவு இருக்கு, இன்ன ஆஸ்பத்திரி, இந்தாங்க பேசுங்க என்று போனை அவன் காதிலேயே வைத்துவிடுவாள். உயிர் இல்லை என்றால் பேச்சே வேறு. பேரைக் கேட்டு உறுதி செய்துகொள்வாள். அப்புறம், "சின்ன அடிதான். பதட்டப்படாம வாங்க. தனியா வராதீங்க, கூட யாராச்சும் ஆம்பளை ஆளைக் கூட்டிட்டு வாங்க." அவன்கிட்ட போனைக் குடுங்க என்று அழுதால், "டாக்டர் பாத்துட்டு இருக்காரு, இப்ப பேச முடியாது." அவ்வளவுதான். எத்தனை கெஞ்சினாலும் அதற்கு மேல் ஒரு சொல் வராது.

நான் சண்டை போட்டிருக்கிறேன். இது பொய் இல்லையா, உண்மையைத் தெரிந்துகொள்ள அவர்களுக்கு உரிமை இல்லையா என்று. அதற்கு அம்மா ஒரு கதை சொன்னாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பையனின் அப்பாவிடம் போனில் உண்மையைச் சொல்லிவிட்டாளாம். அவர் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். டோல்கேட் பக்கம் லாரிக்கு அடியில் போய்விட்டார். அவரையும் அம்மாதான் அதே வண்டியில் ஏற்றினாள். நான் சொன்னேன், ஒரே ஒரு சம்பவத்தை வைத்து விதி செய்யக்கூடாதும்மா, அது ஆராய்ச்சி முறைக்கே விரோதம். அம்மா பாத்திரம் கழுவ எழுந்து போனாள். வாதத்தில் தோற்றால் அம்மா அப்படித்தான், பாத்திரம் கழுவப் போய்விடுவாள்.

இப்போது ஆடி மாதத்துக்கு வாருங்கள். அன்றைக்குத்தான் எல்லாம் கெட்டது. பரீட்சை முடிந்திருந்தது, ஹாஸ்டலைக் காலி செய்யக் காலையில் வீட்டிலிருந்து திருச்சிக்குப் போயிருந்தேன். என் ரூம்மேட் ரெஜினா ஸ்கூட்டியை எடுத்தாள், நான் பின்னால். யூனிவர்சிடி கேட் பக்கத்து வேகத்தடையில் வண்டி துள்ளியது, நான் விழுந்தேன். தாடையில் வெட்டு. இதோ பாருங்கள், கோடு தெரிகிறதா? நீங்கள் போடுகிற தையல்கூட இதைவிட நேராக இருக்கும். ரத்தம் மட்டும் நிறைய. ரெஜினா ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். நான் உள்ளே படுத்திருக்கிறேன், டாக்டர் தாடையைத் தைக்கிறார், வாயை அசைக்கக்கூடாது. அந்த நேரம் பார்த்து என் பையில் போன் அடித்தது. அம்மா. ரெஜினா எடுத்தாள்.

அவள் நல்ல பெண் அக்கா. பெரியவர்களிடம் பக்குவமாகப் பேசுகிறவள். என்ன சொன்னாள் தெரியுமா? குழலியோட அம்மாங்களா? சின்ன அடிதான்மா. பதட்டப்படாம வாங்க. தனியா வராதீங்க, மாமாவைக் கூட்டிட்டு வாங்க. அம்மா கேட்டாளாம், அவகிட்ட போனைக் குடு என்று. ரெஜினா உண்மையைத்தான் சொன்னாள். டாக்டர் பாத்துட்டு இருக்காரும்மா, இப்ப பேச முடியாது. அப்புறம் என் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

ஆமாம். நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டீர்கள். எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான் வருகிறது.

அம்மா அழவில்லையாம். மாமாவுக்குப் போன் போட்டு, குழலி போயிட்டா, திருச்சி போயி வாங்கிட்டு வரணும் என்றாளாம். வாங்கிட்டு வரணும். பொருள் மாதிரி. யூனிஃபாரத்தோடு காரில் ஏறினாள். ஆஸ்பத்திரிக்கு வந்து அவசரப் பிரிவுக்குப் போனாளா, வார்டில் கேட்டாளா என்றால் இல்லை. நேராகப் பிணவறை. வழி கேட்கவே வேண்டாம், அவளுக்கு எல்லா ஆஸ்பத்திரியிலும் அந்த வழிதான் தெரியும். பச்சைச் சுடிதார் போட்ட பொண்ணு, இன்னைக்குக் காலையில வந்தது என்று கேட்டிருக்கிறாள். அங்கே இருந்தவர் அப்படி யாரும் வரவில்லையே அக்கா என்றிருக்கிறார். அம்மா நம்பவில்லை. நான் வெளியாள் இல்ல தம்பி, இதே வேலையிலதான் இருக்கேன், எங்கிட்ட மறைக்க வேணாம் என்றாளாம். அவர் எத்தனை சொல்லியும் நம்பவில்லை.

நானும் ரெஜினாவும் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் இருந்தோம். தாடையில் பெரிய கட்டு. பன்னை டீயில் நனைத்து நனைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தேன். அம்மாவும் மாமாவும் பிணவறைப் பக்கமிருந்து வருகிறார்கள். அம்மா என்னைப் பார்த்தாள். சினிமாவாக இருந்தால் ஓடிவந்து கட்டிப்பிடித்திருப்பாள். இவள் நடந்து வந்தாள். என் கையிலிருந்து டீ கிளாஸை வாங்கி பெஞ்சில் வைத்தாள். மணிக்கட்டைப் பிடித்து, தன் வாட்சைப் பார்த்துக்கொண்டு, நாடி பார்த்தாள். அத்தனை பேருக்கு நடுவில். அப்புறம், "உன் பேர் என்ன?" என்றாள்.

அம்மா, நான்தான்மா என்றேன்.

"பேர் சொல்லு. எந்த ஊரு? காலையில என்ன சாப்பிட்ட?"

அடிபட்டு மயங்குகிறவர்களிடம் கேட்கிற கேள்வி அது. டீக்கடையில் எல்லோரும் சிரித்தார்கள். தாடை வலியோடு நான் பதில் சொன்னேன். கார்குழலி. பெரம்பலூர். இட்லி. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடித்த பிறகும் கையை விடவில்லை. கார் ஊர் வந்து சேரும்வரை விடவில்லை.

மாமா தனசீலன் கட்சியில் ஏதோ ஒரு பொறுப்பில் இருக்கிறவர். பிறந்தநாள், காதுகுத்து, நாய்க்குட்டி காணோம், எதற்கும் பிளெக்ஸ் அடிக்கிற மனிதர். திருச்சிக்குக் கிளம்புவதற்கு முன்பே தன் ஆட்களுக்குச் சொல்லிவிட்டார். தெருவுக்குள் திரும்பினால் ஷாமியானா. பிளாஸ்டிக் நாற்காலி. மின்கம்பத்தில் என் படம். கண்ணீர் அஞ்சலி. இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி, மேலே புறா, நடுவில் நான், சித்தி வீட்டு விசேஷத்தில் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு எடுத்தது. கீழே கார்குழலி எம்.ஏ. என்று கொட்டை எழுத்து. எனக்கு இன்னும் ரிசல்ட்டே வரவில்லை அக்கா. பல்கலைக்கழகம் கொடுக்காத பட்டத்தை மாமா கொடுத்துவிட்டார். தோற்றம் போட்டிருந்தது, மறைவு போட்டிருந்தது. அதற்கும் கீழே மாமா கைகூப்பி நிற்கிற படம், என் படத்தைவிடப் பெரியது.

வரும் வழியில் ஒரு போன் பண்ணி நிறுத்தச் சொல்லியிருக்கலாமே என்றுதானே கேட்கிறீர்கள்? மாமா போனைக் கையில் எடுத்தார். அம்மாதான் தடுத்தாள். "போன்ல சொன்னா யாரு நம்புவா? நேர்ல பாக்கட்டும்" என்றாள்.

பார்த்தார்கள். நான் காரிலிருந்து இறங்கியதும் மாலையோடு நின்ற ஒரு பெரியம்மா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அதே ராகத்தில் அழுகையைத் தொடர்ந்தார். ஆரம்பித்துவிட்டார், நிறுத்தத் தெரியவில்லை. யாரோ, செத்துட்டதா சேதி வந்தா ஆயுசு கூடும் என்றார்கள். வடிவேல்முருகன் ஐஸ்பெட்டியை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "என்ன பாப்பா, இங்கயும் பேட்டி எடுக்க வந்துட்டியா?" என்றார். பிளெக்ஸை அவர் அண்ணாந்து பார்க்கவே இல்லை. அவருக்கு வீட்டு நம்பர் போதும்.

இதை நினைத்துச் சிரிக்கலாம், நானும் சிரித்தேன். இரண்டு நாள். மூன்றாம் நாள் காலையில் ரெஜினா வீட்டுக்குப் போய்வருகிறேன் என்று கிளம்பினேன். அம்மா டூட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், வெளியே போனாள், கதவைச் சாத்தினாள், பூட்டினாள். ஆடியில் போட்ட பூட்டு. இது கார்த்திகை. அவள் டூட்டியில் இருக்கிற நேரமெல்லாம் நான் உள்ளே.

வாதாடாமல் இருந்திருப்பேன் என்று நினைக்கிறீர்களா? தினமும் வாதாடினேன். மணிக்கு ஒரு தரம் போன் பண்ணி நல்லாயிருக்கேன் என்று சொல்கிறேன் என்றேன்.

"சொல்லுவ. நானும்தான் எல்லார்கிட்டயும் சொல்றேன்."

சரி, வீடியோ கால்.

"பேசிட்டே இருக்கும்போது கட் ஆயிருச்சுன்னா?"

சிக்னல் இல்லேன்னு அர்த்தம்மா, என்றேன்.

"எனக்கு அந்த அர்த்தம் வராது குழலி."

பார்த்தீர்களா? இதில்தான் நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். நான் உயிரோடு இருக்கிறேன் என்று அவளுக்கு எந்த வழியில் தெரியப்படுத்துவேன்? நல்லாயிருக்கிறேன் என்று நான் சொன்னால் நம்பமாட்டாள், வேறு யாராவது சொன்னால் அதைவிட நம்பமாட்டாள். ஊருக்கெல்லாம் அவளே சொன்ன பொய். இப்போது அந்தச் சொற்கள் எதுவும் அவள் காதில் ஏறாது. பூட்டு ஒன்றைத்தான் நம்புகிறாள். இரும்புதானே, அது பக்குவமாகப் பேசாது.

சாரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசி அத்தியாயத்தை மாத்தணுமேம்மா, என்றார். எதற்கு மாற்ற வேண்டும்? அம்மா தன் சாவுக்குப் பயப்படவில்லையே. இரண்டு லாரிக்கு நடுவில் நசுங்கின காருக்குள் ஊர்ந்து போய் ஊசி போட்டுவிட்டு வருகிறாள். அவள் பயம் என்னைப் பற்றியது. அது வேறு வகை. நான் அதைத் தனி வகையாகப் பிரிப்பேன். இன்டர்வியூவில் அதைத்தான் சொல்லப்போகிறேன், பதில்கூடத் தயார்: தொழில் ஒருவரின் பயத்தை மழுக்கும், மழுங்கின பயம் வீட்டில் இருக்கிற இன்னொருவர் மேல் போய் விழும். நன்றாக இருக்கிறதா? தொழில் செய்கிறவரை மட்டும் பார்த்தால் போதாது, அவர் வீட்டில் இருக்கிறவரையும் பார்க்க வேண்டும். இந்த ஒரு வாக்கியத்துக்கே சேர்த்துக்கொள்வார்கள்.

வண்டியிலா வந்தீர்கள் அக்கா? அந்த ஸ்கூட்டியா. ஹெல்மெட் பட்டியைப் போடாமல் வந்திருக்கிறீர்கள், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, தாடையில் தடமே இல்லை. பட்டி போடாத ஹெல்மெட் முதலில் பறக்கும். தலை அப்புறம். இல்லை, சொல்லி வைத்தேன்.

அம்மாவின் கடைசி வாதத்தையும் சொல்லிவிடுகிறேன், மறைக்கக்கூடாது. போன வாரம் இன்டர்வியூவுக்குப் போன் வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். அப்புறம் கையை நீட்டிக் காட்டினாள். அன்னைக்கிலேர்ந்து நீ வெளியில இருக்கேன்னு நெனச்சா இது நடுங்குது, என்றாள். "ஓடற வண்டியில நரம்பு கிடைக்கணும் குழலி. ஒரு தரம் தப்பினா அடுத்த தரம் குத்த நேரம் இருக்காது. நீ உள்ள இருக்கேன்னு தெரிஞ்சா கை நிக்குது."

நான் கேட்டேன், அப்போ ரோட்டில் விழுகிற முகம் தெரியாதவன் கைக்கு ஊசி ஏறுவதற்காக என் கால் இரண்டையும் கட்டுவாயா என்று. சரியான கேள்விதானே? பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

என்ன? தீப்பிடித்தால் என்ன செய்வாயா?

அதெல்லாம் யோசிக்காதவளா என் அம்மா? பூட்டின வீட்டுக்குள் வெந்து போனவர்களை அவள் பார்த்திருக்கிறாள். முதல் நாளே சாவியை இந்த ஜன்னல் வழியாக உள்ளே போட்டுவிட்டாள். காஸ் கசிஞ்சா, கரண்ட் புகைஞ்சா, தெருவுல போற யாரையாச்சும் கூப்பிட்டுக் குடு, திறந்து விடுவாங்க என்று. தினமும் பூட்டுவாள், தினமும் சாவியை இங்கே வைப்பாள். இதோ, இந்த ஆணியில்தான் தொங்குகிறது.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

நான் முழுவதும் சொல்லிவிடுகிறேன். சாவி என்னிடம் இருப்பது ஒரு விஷயமே இல்லை அக்கா. யார் பூட்டினார்களோ அவர்கள்தான் திறக்க வேண்டும். அதுதான் கொள்கை. நானாக யாரிடமோ சாவியைக் கொடுத்து வெளியே போனால் அதற்குப் பெயர் தப்பித்துப் போவது. அம்மா அவள் கையால் திறந்து, போய்ட்டு வா என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் அது உரிமை. இன்றைக்குக் காலையில்கூடக் கேட்டேன். ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, "சாவி உங்கிட்டதான இருக்கு" என்றாள். தந்திரம் பாருங்கள். பொறுப்பை என் தலையில் போடுகிறாள். நாளைக்கு ஏதாவது என்றால், நான் பூட்டித்தான் வெச்சிருந்தேன், அவளாத்தான் போனா என்று சொல்லிக்கொள்ளலாம். அதற்கு நான் ஆள் இல்லை.

பால்காரம்மாவும் இதையே சொன்னார்கள், குடு கண்ணு, திறந்து விடறேன் என்று. ரெஜினா வந்து இதே படியில் உட்கார்ந்து அழுதாள். அவர்களுக்கெல்லாம் கொள்கை புரியாது. நீங்களாவது...

கையை எடுங்கள் அக்கா. இல்லை, கொடுக்கமாட்டேன் என்று சொல்லவில்லை. மணி என்ன? இன்னும் பதினொன்றுகூட ஆகவில்லையா. சரி. இந்தாருங்கள். ஆனால் ஒரு விவாதத்துக்காகத்தான் கொடுக்கிறேன், ஒரு பூட்டு எவ்வளவு சாதாரணமான விஷயம் என்று நீங்கள் காட்ட நினைக்கிறீர்கள், அதற்காக. அந்தப் பக்கம் இல்லை, சாவியைத் திருப்பிப் போடுங்கள்.

திறந்துவிட்டீர்கள்.

வெளியே வெயில் இவ்வளவா அடிக்கிறது? ஜன்னல் வழியாகத் தெரியவில்லை. செருப்பு எங்கே வைத்தேன் என்று பார்க்க வேண்டும். போட்டு ரொம்ப நாளாயிற்று, வார் விறைத்துப் போயிருக்கும். வார் அறுந்து தடுக்கினால், அதுவும் ரோட்டில்... இருங்கள், யோசிக்கிறேன். திருச்சி பஸ் பைபாஸுக்கு அந்தப் பக்கம் நிற்கும். இந்தப் பக்கத்திலிருந்து குறுக்கே கடக்க வேண்டும். சுரங்கப்பாதை கிடையாது. நடுவில் உள்ள தடுப்பை உடைத்து ஒரு சந்து வைத்திருக்கிறார்கள், அதில்தான் எல்லோரும் நுழைந்து போகிறார்கள். அந்தச் சந்தைப் பற்றி அம்மாவிடம் கேளுங்கள். சேலத்துக்காரர் ஒருவர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், பூ விற்கிற ஒரு அம்மா. பேர் பேராகச் சொல்லுவாள்.

நீங்கள் கூட வருகிறீர்களா? கையைப் பிடித்துக் கடத்தி விடுகிறீர்களா? நல்ல மனசு அக்கா உங்களுக்கு. தப்பாக நினைக்காதீர்கள், நீங்கள் துணி தைக்கிறவர். ரோட்டைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?

எனக்குப் பயம் என்று நினைத்துவிடாதீர்கள். பயம் என்றால் இப்படி உட்கார்ந்து இரண்டு தரப்பையும் பேசுவேனா? யோசித்துப் பாருங்கள், இந்தப் புடவையில் வியர்த்து வழிந்துகொண்டு போய் நின்றால் இன்டர்வியூவில் என்ன மதிப்பு இருக்கும்? நேரமும் இல்லை. இருக்கிறது, ஆனால் பஸ் நேரத்துக்கு வரும் என்று என்ன உறுதி? அதைவிட முக்கியம், அம்மா இந்நேரம் யாருக்காவது நரம்பு தேடிக்கொண்டிருப்பாள். நான் இங்கே வாசலைத் தாண்டினால் அங்கே கை ஆடும். அந்த ஆள் செத்தால் யார் பொறுப்பு? நீங்கள் பொறுப்பா? இதையே கட்டுரையாக எழுதலாம். சாருக்குப் போனில் சொல்லிப் பார்க்கிறேன், புரிந்துகொள்வார். அடுத்த வருடம் வேறு ஒருவர் வரட்டுமே, முகம் சுளித்தால் சுளிக்கட்டும், வாதாடிக்கொள்ளலாம்.

ஓனரம்மா வருகிறார்கள், அதோ தெருமுனையில். மாடி நல்ல காற்றோட்டம் அக்கா, எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சுத் துணைக்கு நான் எப்போதும் இருப்பேன். ஏறும்போது சுவர் பக்கமாக ஏறுங்கள்.

அதற்கு முன்னால் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டிவிடுங்கள். சாவியை ஜன்னல் வழியாகக் கொடுங்கள். கொடுத்துவிட்டீர்களா. சரி.

பூட்டை ஒரு தரம் இழுத்துப் பாருங்கள் அக்கா. சில சமயம் சரியாக விழாது.